ரஜுலா கப்பலும் குடும்பப் படங்களும்

வரலாறு என்றவுடன் மாணவர் மனத்தில் முதலில் தோன்றுவன அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே. கல்வெட்டும் செப்பேடும் அரசாங்க ஆவணமும் வரலாற்றுக்குச் சான்றாகும் என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வர். ஆனால் வீட்டு அலமாரியின் அடித்தட்டில், பழைய பிஸ்கட் டப்பாவுக்குள், ஓரம் மடங்கி மஞ்சள் பூத்துக் கிடக்கும் குடும்ப நிழற்படமும் வரலாற்றுச் சான்றுதான் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரின் வரலாற்றை எழுத முனைவோர் இந்தச் சான்றைப் புறக்கணித்தல் ஆகாது. நம் முன்னோருள் பெரும்பாலோர் நாட்குறிப்பு எழுதியவர் அல்லர். தன்வரலாறு எழுதியவரும் அல்லர். அவர்கள் விட்டுச் சென்ற எழுத்து மிகக் குறைவு. அவர்களைப் பற்றிய படங்களோ ஆங்காங்கே இன்னும் எஞ்சி நிற்கின்றன.

அப்படங்களில் ஒரு வகை தனிக் கவனத்திற்கு உரியது. கப்பலையும் கப்பலுக்கு வந்தவரையும் கப்பலில் சென்றவரையும் காட்டும் படங்களே அவை. அவற்றை எடுத்தவர்கள் தொழில்முறைப் படக்காரர்கள் அல்லர். ஓய்வுப் பொழுதில் படப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு துறைமுகத்திற்குச் சென்ற சாதாரண மனிதர்கள்.

பெட்டி வந்த கதை

நிழற்படக்கலை தோன்றிய காலத்தில் அது செல்வர்க்கும் வல்லுநர்க்கும் மட்டுமே உரியதாக இருந்தது. கண்ணாடித் தகடும் இரசாயனக் கரைசலும் முக்காலியும் இருட்டறையும் இன்றிப் படம் எடுத்தல் இயலாது. 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோடக் நிறுவனம் ‘பிரவுனி’ என்னும் சிறு பெட்டியை ஒரு டாலர் விலைக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அட்டையால் செய்யப்பெற்ற அந்த எளிய பெட்டி, படமெடுக்கும் கலையைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அடுத்த ஆண்டிலேயே அந்நிறுவனம் 120 என்னும் எண்ணுடைய படச்சுருளை அறிமுகப்படுத்தியது. ஒரு சுருளில் எட்டுப் படங்கள் எடுக்கலாம். அச்சுருள் நூறாண்டு கடந்தும் வழக்கிலுள்ளது.

எட்டே படங்கள் என்பதை இன்றைய மாணவர் கருத்திற் கொள்ளல் வேண்டும். கைப்பேசியில் ஒரே காட்சியை நாற்பது முறை எடுத்து அழிக்கும் காலம் அன்று. சுருளுக்கும் விலை, கழுவுவதற்கும் விலை, தாளில் அச்சிடுவதற்கும் விலை. ஆகவே ஒவ்வொரு படத்தையும் எண்ணிப் பார்த்தே எடுத்தனர். எதைப் படமெடுத்தார்கள் என்பதே, அவர்கள் எதை மதித்தார்கள் என்பதற்குச் சான்றாகின்றது.

மலாயாவில் அத்தகைய பெட்டியை வாங்கக் கூடியவர் யாவர்? நாட்கூலி பெற்ற பால்மரத் தொழிலாளியால் அது எளிதில் இயலாது. தோட்டத்துக் கிராணிமார், மருந்தகப் பணியாளர், இரயில்வே எழுத்தர், பள்ளி ஆசிரியர், நகரத்துக் கடைக்காரர் ஆகியோரே பெரும்பாலும் அதனை வாங்க வல்லவராயிருந்தனர். நம் குடும்பப் படங்களைப் பார்க்கும்போது இந்த உண்மையை மறத்தல் கூடாது. படத்தின் நடுவில் நிற்பவர் யார், ஓரத்தில் தலையில் மூட்டையுடன் கடந்து செல்பவர் யார் என்பதைப் பெட்டியை வைத்திருந்தவரின் கையே முடிவு செய்தது.

கடல்வழி

நம் நாட்டில் கோடை என்றொரு தனிப்பருவம் இல்லை. பள்ளி விடுமுறையே நம் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் கோடை. அவ்விடுமுறை நாள்களில் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்தோர்க்குக் கப்பல் பார்க்கச் செல்லுதல் ஒரு பொழுதுபோக்காக இருந்தது. உறவினரை வரவேற்கவோ வழியனுப்பவோ சென்றவர் பாதி. வேடிக்கை பார்க்கச் சென்றவர் மீதி. தமிழர் நெஞ்சில் அன்று நிலைத்து நின்ற கப்பலின் பெயர் ரஜுலா.

ரஜுலா 1926ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில், பார்க்லே கர்ல் நிறுவனத்தின் தளத்தில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்திற்கு உரியது. 8,400 டன்னுக்கு மேற்பட்ட கொள்ளளவு உடையது. முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் சற்றேறக்குறைய நூற்றிருபது பேர்க்கே இடம். ஆனால் தளப்பயணிகளாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் செல்ல அக்கப்பல் தொடக்கத்தில் அனுமதி பெற்றிருந்தது. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே அக்கால வாழ்வின் ஏற்றத்தாழ்வு விளங்கும். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் வழி. ஏறக்குறைய ஒரு வாரப் பயணம்.

ரஜுலா வருவதற்கு முன்பே இவ்வழி தேய்ந்த வழிதான். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்னும் அமைப்பு சட்டத்தால் உருவாக்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் செலுத்திய பணத்திலிருந்து தொழிலாளரின் கப்பற்கட்டணம் கொடுக்கப்பட்டது. 1910இல் ஒப்பந்தக்கூலி முறை முடிவுக்கு வந்தது. கங்காணி முறை ஓங்கியது. 1938இல் இந்திய அரசாங்கம், உதவி பெற்றுக் குடியேறும் தொழிலாளர் பயணத்திற்குத் தடை விதித்தது. அதன்பின் வந்தவர் தம் கைப்பணத்தில் வந்தவரே. 1947ஆம் ஆண்டுக் குடிமதிப்பு எடுக்கப்பட்டபோது மலாயாவிலும் சிங்கப்பூரிலுமாக இந்தியர் ஏறக்குறைய ஆறு இலட்சம் பேர் இருந்தனர். அவர்களுள் பெரும்பான்மையோர் தமிழர். கடலைக் கடந்து வந்தவர் அல்லது கடந்து வந்தவரின் பிள்ளைகள்.

ரஜுலாவுக்கு ஒரு துணைக்கப்பல் இருந்தது. ரோனா என்பது அதன் பெயர். அதே 1926இல் கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் இரண்டும் படைவீரரை ஏற்றிச் சென்றன. 1943 நவம்பர் 26ஆம் நாள், அல்ஜீரியக் கடற்கரைக்கு அப்பால், செருமானிய வானூர்தி ஒன்று ஏவிய குண்டுக்கு ரோனா இரையாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் போர்வீரரும் கப்பல் பணியாளர் பலரும் மாண்டனர். ரஜுலா தப்பியது. போர் முடிந்தபின் மீண்டும் வங்கக் கடலுக்கு வந்தது. அது அவ்வாறு தப்பி வந்திராவிடில், நம் குடும்பங்கள் பலவற்றின் கதையில் வேறொரு கப்பலின் பெயரே இடம் பெற்றிருக்கும்.

ஒரு படத்தைப் படிக்கும் முறை

படத்தைப் பார்த்தல் வேறு, படித்தல் வேறு. ஒரு பழைய நிழற்படம் கிடைத்தால், அதனை எவ்வாறு ஆராய்வது என்பதை மாணவர்க்குக் கற்பித்தல் ஆசிரியர் கடமையாகும்.

முதலில் கப்பலைப் பார்க்க வேண்டும். புகைபோக்கியின் நிறமே கப்பல் நிறுவனத்தின் அடையாளம். கரும்புகைபோக்கியில் அருகருகே இரண்டு வெள்ளைப் பட்டைகள் இருந்தால், அது பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்துக் கப்பல் என்று கொள்ளலாம். ரஜுலாவுக்குப் புகைபோக்கி ஒன்றே. எனினும் அந்நிறுவனத்திற்குப் பல கப்பல்கள் இருந்தமையால், முகப்பிலோ பின்புறத்திலோ பெயர் தெரிகின்றதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பார்த்தபின்னரே முடிவு கூற வேண்டும். பெயர் ரஜுலா என்று உறுதியானால் அப்படம் 1926க்கும் 1973க்கும் இடைப்பட்டது என்பது தெளிவு.

அடுத்து இடத்தைப் பார்க்க வேண்டும். கப்பல் துறைமேடையை ஒட்டி நிற்கின்றதா, கடலில் நங்கூரமிட்டு நிற்கின்றதா? நாகப்பட்டினத்தில் பெருங்கப்பல்கள் கரையை அணுக இயலாது. தொலைவில் நிற்கும் கப்பலுக்குப் படகுகளே பயணிகளைக் கொண்டுபோயின. ஆகவே படகில் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் கூட்டமும் பின்னால் பெருங்கப்பலும் தெரியும் படம், நாகையில் எடுக்கப்பட்டதாக இருக்கக் கூடும். பினாங்கிலோ 1904இல் அமைந்த சுவெட்டன்ஹாம் துறைமேடை இருந்தது. அதனை அடுத்து, விக்டோரியா அரசியாரின் வைரவிழாவுக்காக எழுப்பப்பட்ட அறுபதடி மணிக்கூண்டு நிற்கின்றது. படத்தின் ஒரு மூலையில் அம்மணிக்கூண்டு தெரிந்தால் ஊர் எது என்னும் ஐயம் நீங்கும்.

மூன்றாவது ஒளியையும் நிழலையும் பார்க்க வேண்டும். பினாங்குத் துறைமேடை தீவின் கிழக்குக் கரையில் உள்ளது. கரையில் நின்று கப்பலை நோக்குபவர் கிழக்கு நோக்கி நிற்பார். காலையில் கதிரவன் கப்பலுக்குப் பின்னால் இருப்பான். கப்பலின் கரைப்பக்கம் இருண்டு தோன்றும். அப்பக்கம் ஒளி பெற்றுத் தெளிவாக விழுந்திருந்தால், படம் பிற்பகலில் எடுக்கப்பட்டது என்று உணரலாம். இவ்வாறு ஒரு சிறு நிழலும் நேரத்தைச் சொல்லும்.

நான்காவது படத்தின் பின்புறம். படம் கழுவிய கடையின் முத்திரை, பென்சிலால் எழுதிய நாள், ‘அன்புள்ள அண்ணனுக்கு’ என்பது போன்ற ஒரு வரி ஆகியவை முன்புறத்தைவிடச் சில வேளைகளில் மிகுதியாகப் பேசும். பின்புறத்தில் ஒன்றும் எழுதப்படாத படமே வரலாற்றுக்குப் பேரிழப்பு. அதனைச் சொல்லக் கூடிய பாட்டியோ தாத்தாவோ மறைந்தபின், படத்திலுள்ளவர் பெயரற்றவர் ஆகின்றனர்.

குடும்பம் பிரிந்த ஆண்டுகள்

கப்பற்படத்தில் குடும்பம் முழுமையாக இருப்பது அரிது. ஒருவர் வந்தார் என்றால் ஒருவர் ஊரில் நின்றார். ஒருவர் சென்றார் என்றால் ஒருவர் இங்கே நின்றார். ஆதலின் அப்படங்களின் உட்பொருள் பிரிவுதான். அந்தப் பிரிவுக்குச் சட்டங்களும் போர்களும் காரணமாயின.

1941 திசம்பரில் சப்பானியர் மலாயாவைத் தாக்கினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. 1945 வரை தமிழகத்திற்கும் மலாயாவிற்கும் இடையே பயணிகள் கப்பல் இல்லை, அஞ்சலும் இல்லை. இங்குள்ள தந்தை உயிருடன் இருக்கின்றாரா, சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டாரா என்பதை ஊரிலிருந்த மனைவி மக்கள் அறியாமலே ஆண்டுகள் கழிந்தன. போருக்குப் பின் முதற்கப்பல்களில் வந்திறங்கியவரும் சென்றிறங்கியவரும் எத்தனை செய்திகளை அஞ்சி அஞ்சிக் கேட்டிருப்பர்!

1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதிதாக வருவோரின் வாயிலைக் குறுக்கியது. 1957இல் நாடு விடுதலை பெற்றது. பின்னர் 1969இல், குடியுரிமை இல்லாதோர் வேலை செய்வதற்கு அனுமதிச் சீட்டுப் பெறல் வேண்டும் என்னும் விதி கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டது. விண்ணப்பம் எழுதத் தெரியாமையாலும் பிறப்புப் பத்திரம் இல்லாமையாலும் உரிய காலத்தில் குடியுரிமை பெறாத தோட்டத் தொழிலாளர் பலர் அப்போது தமிழகம் திரும்பினர். அவர்களுள் முப்பது நாற்பது ஆண்டுகள் இம்மண்ணில் உழைத்தவரும் உண்டு. இங்கேயே பிறந்த பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, தாம் கண்டறியாத ‘சொந்த ஊருக்கு’ அவர்களை அழைத்துச் சென்றவரும் உண்டு. பேரப்பிள்ளைகள் குடியுரிமை பெற்று இங்கு நிற்க, தாத்தாவும் பாட்டியும் கப்பலேறிய குடும்பங்களும் இருந்தன. அவ்வாண்டுகளில் எடுக்கப்பட்ட துறைமுகப் படம் ஒன்று உங்கள் வீட்டில் இருக்குமாயின், அதனை வெறும் வழியனுப்புப் படமாகக் கருதிவிட வேண்டா. ஒரு சட்டத்தின் முகம் அது.

படத்தில் விழாதவை

சான்றின் வலிமையை அறிவது போலவே அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். பெட்டிப் படக்கருவியின் மூடி திறந்து மூடும் நேரம் ஏறக்குறைய நொடியில் நாற்பதில் அல்லது ஐம்பதில் ஒரு பங்கு. அதன் வில்லையும் சிறியது. நல்ல வெயிலில்லாத இடத்தில் அதனால் படமெடுக்க இயலாது. ஆகவே கரையும் ஏணிப்படியும் மேல்தளத்துக் கைப்பிடிக் கம்பியும் படத்தில் விழுந்தன. கீழ்த்தளத்து இருட்டு விழவில்லை. பாய்விரித்துப் படுத்தோரின் நெருக்கமும், புயலில் குமட்டிய வயிறும், குழந்தைகளின் அழுகையும், பினாங்கிற்கு அருகிலுள்ள ஜெரெஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் கழிந்த நாள்களும் குடும்பப் படங்களில் பெரும்பாலும் இல்லை.

இதனால் ஒரு தவறான எண்ணம் ஏற்படக் கூடும். எஞ்சிய படங்களை மட்டும் நம்பினால், கப்பற்பயணம் என்பது மாலையும் கையசைப்பும் புன்னகையும் மட்டுமே என்று தோன்றும். வெயிலில் நின்றவரின் வரலாறு பதிந்தது. இருட்டில் கிடந்தவரின் வரலாறு பதியவில்லை. அந்த இருட்டை நிரப்ப வல்லது வாய்மொழியே. படத்தை முதியவர் கையில் கொடுத்து, ‘இதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது?’ என்று கேட்டால், படத்தில் இல்லாதவை வெளிவரும். படம் நினைவைத் தூண்டும். நினைவு படத்தை நிறைவு செய்யும். இரண்டும் சேர்ந்தபோதே வரலாறு முழுமை பெறுகின்றது.

கப்பலிலிருந்து ஊருக்கு

கப்பலைத் தொடர்ந்து செல்பவர் ஊர் வரலாற்றுக்குள்ளும் புகுந்துவிடுவர். நாகப்பட்டினம் ஆங்கிலேயர் காலத்தில் தோன்றிய துறைமுகம் அன்று. முதலாம் இராசராசன் காலத்தில், கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் ஆண்ட மன்னர் மரபினர் அங்கே சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினர். சோழ மன்னன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். இன்று ஆலந்து நாட்டு நகரின் பெயரோடு லெய்டன் செப்பேடுகள் என வழங்கும் ஆவணம் அதனைத் தெரிவிக்கின்றது. 1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. நட்பும் பகையும் ஒரே கடல்வழியில் நடந்தன. அக்கடல்வழியின் ஒரு முனையில்தான் ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் ரஜுலா நங்கூரமிட்டது.

மறுமுனையிலும் இத்தகைய தடங்கள் உண்டு. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் ஆண்டவர் பெயரால் தர்காக்கள் எழுந்தன. சிங்கப்பூர்த் தெலுக் ஆயர் வீதியிலுள்ள தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது. இன்று கடலுக்கு வெகுதொலைவில் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே நிற்கும் அவ்விடம், அன்று கடற்கரையாக இருந்தது. நலமாகக் கரை சேர்ந்தவர் நன்றி செலுத்திய இடம் அது. மார்க்கெட் வீதியில் நகரத்தார் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. 1970களில் நகரச் சீரமைப்பில் அவை மறைந்தன. பழைய படங்களில் பின்னணியாக மட்டும் விழுந்த இத்தகைய கட்டடங்களே, பின்னாளில் அப்படங்களின் முதன்மைப் பொருளாகிவிடுகின்றன. படமெடுத்தவர் தம் தங்கையை எடுத்தார். வரலாறோ தங்கைக்குப் பின்னாலிருந்த தெருவையும் சேர்த்து வைத்துக்கொண்டது.

கடைசிக் கப்பல்

நாற்பத்தேழு ஆண்டுகள் உழைத்த ரஜுலா 1973இல் இந்தியக் கப்பல் கழகத்திற்கு விற்கப்பட்டு, ரங்கத் என்னும் பெயர் பெற்றது. 1974இல் பம்பாயில் உடைக்கப்பட்டது. அதற்கு ஈராண்டு முன்னர், 1972இல், போர்ட் சுவெட்டன்ஹாம் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறியிருந்தது. கப்பலும் துறையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தம் பழம்பெயரை இழந்தன.

பின்னர் எம்.வி. சிதம்பரம் இவ்வழியில் ஓடியது. 1966இல் பிரான்சில் பஸ்தேர் என்னும் பெயரோடு கட்டப்பட்டு, 1972இல் இந்தியக் கப்பல் கழகத்தால் வாங்கப்பட்ட கப்பல் அது. 1985 பிப்ரவரியில் சென்னை நோக்கிச் சென்றபோது நடுக்கடலில் அதில் தீப்பற்றியது. உயிர்கள் பல மாய்ந்தன. அத்துடன் சிதம்பரத்தின் பயணம் முடிந்தது. தலைமுறை தலைமுறையாகத் தமிழரைச் சுமந்த பயணிகள் கப்பற்போக்குவரத்தும் அத்துடன் ஓய்ந்தது. அதே 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. கடலைக் கடக்கும் முறையே மாறிவிட்ட ஆண்டு அது. வானூர்தி மூன்றரை அல்லது நான்கு மணி நேரத்தில் சென்னையில் இறக்கிவிடுகின்றது. நேரம் மிச்சமாயிற்று, ஆனால் நாள்கணக்கில் ஒரே தளத்தில் உண்டு உறங்கிய ‘கப்பல் உறவு’ என்னும் உறவுமுறை மறைந்தது.

செய்ய வேண்டியது

ரஜுலாவில் பத்து வயதுச் சிறுவராக வந்தவர் இன்று முதுமையின் எல்லையில் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்பதற்கு நமக்குள்ள காலம் சிறிது. படங்களுக்கும் அவ்வாறே. நம் நாட்டு ஈரக்காற்றில் பழைய படச்சுருளில் பூஞ்சை படரும். ஒட்டும் தாளுடைய படத்தொகுப்பு ஏடுகள் படங்களைக் கெடுத்துவிடும். வண்ணப்படங்கள் நிறமிழந்து வெளிறும். வீடு மாறும்போதும் பெரியவர் இறந்தபோதும் முதலில் குப்பைக்குப் போவது, யாருக்கும் அடையாளம் தெரியாத படங்களே.

விடுமுறைக் காலத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டால் போதும். அதில் இருப்பவர் யார், எங்கே, எப்போது, எடுத்தவர் யார் என்னும் நான்கு வினாக்களை வீட்டு முதியவரிடம் கேட்டு, பென்சிலால் பின்புறத்தில் மெல்ல எழுதுதல் வேண்டும். மையால் எழுதினால் ஊறி முன்புறத்தைக் கறைப்படுத்தும். பின்னர் அப்படத்தைப் படியெடுத்துப் பள்ளியிலும் ஒரு படி வைக்கலாம். மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம் 1957 முதலும் சிங்கப்பூரில் அதுபோன்ற காப்பகம் 1968 முதலும் செயற்படுகின்றன. சிங்கப்பூரில் 1979 முதல் வாய்மொழி வரலாறும் பதிவு செய்யப்பட்டு வருகின்றது. ஆனால் காப்பகம் நம் வீட்டு அலமாரியை வந்து திறக்காது. திறக்க வேண்டியவர் நாமே.

நாட்டு வரலாற்று நூலில் ஒரு தோட்டத் தொழிலாளியின் பெயர் இடம் பெறுவது அரிது. அவர் ஏறிய கப்பலின் பெயரும் டன் கணக்கும் கட்டிய ஆண்டும் ஆவணங்களில் இருக்கின்றன; அவர் பெயர் இல்லை. அப்பெயரை எழுதுவதற்கு எஞ்சியிருக்கும் இடம், ஒரு பழைய படத்தின் பின்புறத்து வெற்றுத்தாள் மட்டுமே.